பட்டியலில் இருந்த பேர்

மாவட்டக் கிரிக்கெட் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நறுவிலிக்குளம் ஊரே கூத்தாடேக்க, பதினாறு வயசு நிக்சன் தண்ணித்தாங்கிக்குப் பின்னால ஒளிச்சு நிண்டான்.

"டேய், சீசன் முழுக்க ஒரு மேட்சும் தோக்கேல்ல. எல்லாம் உன்ர அடிதான். ரீமோட நிண்டு படம் எடுக்க வா!" எண்டார் கப்டன் றெஜி.

"பயமாக் கிடக்கண்ணை. என்ர பேரில விளையாடியிருக்கலாம்."

"பதிவு முடிஞ்சு போச்செல்லோ? கழகத்தின்ர பழைய பட்டியல்ல கிடந்த பேரை உனக்குக் குடுத்தம். அந்தப் பேரைக் கேட்டு ஆரும் வரப்போறதில்லை."

நிக்சன் மைதான வாசலைக் காட்டினான். மாக்கிறட் மாமி ஓடி வந்தா. ஒரு கையில போன கிழமைப் பேப்பர், மற்றக் கையில சோத்துப் பார்சல்.

"என்ர மகன் லோறன்ஸ் எண்பது ஓட்டமாம், பேப்பரில கிடக்கு! சண்டையில காணாமப் போனவனை மூண்டு வருசமா நான் தேடாத ஆமிக் காம்ப் இல்லை. இஞ்ச விளையாடிக்கொண்டு நிண்டிருக்கிறான். பிள்ளையைக் கூப்பிடுங்கோ தம்பி, சோறு ஆறப்போகுது."