நாள் முழுக்கத் தாங்கும்

“எனக்கு இந்தச் சின்ன லேப்டாப்தான் வேணும்.”

மாப்பிள்ளையிடம் வாய் திறந்து எதையும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் அம்மா தாபோடி வீட்டிலிருந்து அனுப்பியிருந்தாள். செல்வராணி கேட்டே விட்டாள்.

ஔந்த் பகுதியில் இருந்த லேப்டாப் கடையில், மாப்பிள்ளை சதீஷ் பெரியதைத் தட்டிக் காட்டினான். “இதுல கேம் எல்லாம் பறக்கும்.”

“ரெண்டு மணி நேரத்துல சார்ஜும் பறந்துடும். சின்னது நாள் முழுக்கத் தாங்கும். ஆபீஸ் வேலைக்கு இந்த வேகம் தாராளம். பஸ்ல மடியில வச்சுக்கூட வேலை பார்க்கலாம்.”

“கல்யாணத்துக்கு அப்புறம் நீ எந்த பஸ்ல போகப் போறே? வீட்லதான் பிளக் இருக்கே!”

“அப்ப என் வேலை?”

“எங்கம்மாவுக்குப் பிடிக்காது. விட்டுடு.”

கடைக்காரர் பெரிய பெட்டியை எடுத்து வைத்தார். “சார், பேமெண்ட்?”

“மேடம்தான் தருவாங்க. அவங்க வீட்ல எனக்குச் செய்ற சீராச்சே!”

செல்வராணி கடைக்காரரிடம் தன் சம்பளக் கார்டை நீட்டினாள். “பய்யா, அந்தச் சின்னதைப் போடுங்க. பில் என் பேர்ல.”

“அப்ப என் சீர்?”

“வீட்லதான் பிளக் இருக்கே, உங்ககிட்ட இருக்கறதைச் சொருகிக்குங்க. கல்யாணம் இல்லைன்னு எங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பிடிக்க நடந்தாள்.