திருப்பி அனுப்பும் கட்டு

பத்திரிகைப் படக்காரர்கள் துரத்திவர, கார் விபத்தில் இளவரசி இறந்த மூன்றாம் நாள் காலை, வெம்பிளியில் தங்கள் பத்திரிகைக் கடை வாசலில் குந்தியிருந்து, விற்காமல் மிஞ்சிய பழைய பத்திரிகைகளைத் திருப்பி அனுப்பக் கட்டுகிறாள் றோஸ்மலர். கட்டின் மேலே நீச்சலுடையில் இளவரசி. ஒளிந்திருந்து எடுத்த படம், அடியில் அவள் இடுப்பைப் பற்றி ஒரு நக்கல். அதே பத்திரிகை இன்று கறுப்புக் கரை போட்டுக்கொண்டு தட்டில் அழுது வடிகிறது. கையில் வெள்ளை லில்லிக் கொத்தோடு பக்கத்துத் தெரு டோரீன் வருகிறாள். மூக்கு சிவந்திருக்கிறது. "அந்த நீச்சல் படம் வந்த பத்திரிகை மிச்சம் இருக்கிறதா? பத்திரப்படுத்தினால் பிறகு நல்ல விலைக்குப் போகும்." றோஸ்மலரின் கணவன் செபமாலைமுத்து பாய்ந்து வந்து கட்டின் நூலை அறுக்கிறான். "இதுகளை அனுப்பாதையும் றோஸ், இனி இதுக்குத்தான் கிராக்கி." அவன் அள்ளிக் கொடுத்ததைப் பூங்கொத்தோடு சேர்த்து மார்பில் அணைத்துக்கொண்டு டோரீன் விம்முகிறாள். "பாவம், அவளை நிம்மதியாக இருக்க விட்டார்களா?" அவள் போகிறாள். "ஓம், பாவியள்," என்று தலையாட்டுகிறான் செபமாலைமுத்து. றோஸ்மலர் அச்சு மை அப்பிய தன் விரல்களை அவன் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். "பாவியளோ? உங்கடை கையையும் ஒருக்கால் பாருங்கோ."