கொஞ்சம் சோகமா இருங்க

"அக்கா, கொஞ்சம் சோகமா இருங்களேன்."

"இதுதான் தம்பி என் சோகம்" என்றாள் அவள், பல் அத்தனையும் தெரிய.

கேமராக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மழையில் தெப்பமாக நனைந்து வந்திருந்தார். அகதிகளுக்கு உதவும் ஓர் அமைப்பின் சமூக வலைத்தளப் பக்கத்துக்குப் படம் எடுப்பது அவர் வேலை. மேலாளர் அவரை வேலைக்கு எடுத்ததும் போனில்தான், நேற்று எச்சரித்ததும் போனில்தான்.

"யோவ், உன் படத்துல எல்லாரும் பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி நிக்கிறாங்க. இதைப் பார்த்து எவன்யா உதவி பண்ணுவான்? நாளைக்கு எனக்கு ஒரு நல்ல சோகம் வேணும். இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

மேலாளரைச் சொல்லிக் குற்றமில்லை. இதற்கு முன் நம்மவர் எடுத்ததெல்லாம் கல்யாணப் படம். அவர் வேலை பார்த்த ஸ்டுடியோவை மூடிய பிறகு, வீட்டில் சும்மா இருந்தவருக்குக் கும்பிட்ட தெய்வம் கொடுத்த வரமாக இந்த வேலை வந்திருந்தது. ஆபீஸ் உத்தியோகம் என்று அவர் மனைவி பிறந்த வீடு வரைக்கும் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள்.

அகதி முகாமின் மூன்றாவது மாடி. அடுக்குக் கட்டில் இரண்டு, ஜன்னல் கம்பியில் காயும் காலுறைகள், ஒரு மின்சார அடுப்பு. படம் எடுக்க ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் அந்தக் குடும்பம் தலைக்குக் குளித்துத் தயாராகிவிட்டது. அக்காவின் வீட்டுக்காரர் மழமழவென்று சவரம் செய்திருந்தார். சிறுமிக்கு இரட்டைப் பின்னல், அதில் சிவப்பு ரிப்பன்.

"அண்ணே, அந்த இஸ்திரிச் சட்டையைக் கழட்டிட்டுப் பழசு ஏதாவது..."

"போட்டோவுக்கா பழசு?" வீட்டுக்காரர் தன் காதையே நம்பவில்லை.

"பழசையெல்லாம் சோப்புல ஊறப் போட்டுட்டேன் தம்பி" என்றாள் அவள். "அதை விடுங்க. நான் எங்க பார்க்கணும்? போன தடவை வந்தவங்க ஜன்னலைப் பார்க்கச் சொன்னாங்க. அதுக்கு முந்தி வந்தவங்க தரையை. உங்களுக்கு எது?"

"தரையைத்தான்கா."

"செருப்பு இருக்கட்டுமா?"

"வேணாம்."

"பாப்பாவை மடியில போட்டுக்கிறேன். அவங்க எல்லாருமே அதை மட்டும் கேட்டாங்க."

தொழில் தெரிந்தவள். அவள் தரையைப் பார்த்தாள், வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார், சிறுமி உதட்டைப் பிதுக்கினாள். அறையே இழவு வீடாகிவிட்டது. கேமராக்காரர் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

"ஆங், அப்படியே... ரெடி... எல்லாரும் கொஞ்சம் சிரிங்க!"

மூன்று பேரும் சிரித்தார்கள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இன்னொரு முறை எடுத்தார். இன்னொரு முறையும் அதே வார்த்தை வந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, கையில் கேமரா ஏறினால் அவர் வாயில் வேறு வார்த்தை ஏறாது. கடைசியில் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார். அந்தக் கோலத்தைக் கண்டு சிறுமி கட்டிலில் விழுந்து புரண்டாள்.

சிரித்து ஓய்ந்த பிறகு சிறுமியின் அம்மா மெதுவாகச் சொன்னாள். "தம்பி, நாங்க இங்க வந்து இறங்கின அன்னிக்கு வந்திருந்தீங்கன்னா, நீங்க கேக்கிற முகம் கேக்காமலே கிடைச்சிருக்கும். இன்னிக்குக் காலைலதான், இங்கேயே இருந்துக்கலாம்னு உத்தரவு வந்துச்சு. இன்னிக்குப் போய் எங்கிருந்து சோகத்தைக் கொண்டு வர்றது, சொல்லுங்க?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. "சந்தோஷம்கா" என்றார். உண்மையாகவே சந்தோஷமாகவும் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. "எடுத்ததையெல்லாம் பார்த்துட்டிருங்கக்கா" என்று கேமராவை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே மாடிப்படிப் பக்கம் போனார்.

"என்னய்யா, சோகம் வந்துச்சா?"

"சிரிக்கிறாங்க சார்."

"அப்போ நாளையிலேர்ந்து வராதே. எடுத்ததை அனுப்பிட்டு, கேமராவை ஆபீஸ்ல கொடுத்துட்டு வீடு போய்ச் சேரு."

போன் வைக்கப்பட்டது. ஆபீஸ் உத்தியோகம் போய்விட்டது. மனைவியிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார். அக்கா கொடுத்த டீயை ருசி தெரியாமல் குடித்தார். எடுத்த படங்களைத் திறந்துகூடப் பார்க்காமல் மொத்தமாக அனுப்பிவிட்டு, கேமராவை ஒப்படைக்கப் பஸ் ஏறினார்.

பாதி வழியில் மறுபடியும் மேலாளர்.

"யோவ்! எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தே இதை?"

"எதை சார்?"

"அந்தக் கடைசிப் படத்தை! பாதி முகம்தான் தெரியுது. அதுக்கே எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எந்தக் கடலைத் தாண்டி வந்தானோ, யார் யாரைப் பறிகொடுத்தானோ, பாவம்! நம்ம பக்கத்துல போட்டு ஒரு மணி நேரம் ஆகலை, ஊரே பகிருது. அத்தனை பேரும் யார் இந்த அகதின்னு கேட்டு அழறாங்க. உன் வேலை எங்கயும் போகலைய்யா. நாளைக்கு அந்த ஆளை எப்படியாவது ஆபீசுக்குக் கூட்டிட்டு வா."

கேமராக்காரர் குழம்பிப்போய் அந்தப் பக்கத்தைத் திறந்தார். படத்தைப் பார்த்தார். முகாமின் மாடிப்படி, நனைந்த சட்டை, கையில் போன். காலையிலிருந்து முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"கூட்டிட்டு வர்றேன் சார். ஆனா நீங்களே ஒரு வார்த்தை கூப்பிட்டுடுங்க. வேலையை விட்டுத் தூக்கிட்டதா நீங்க போன்ல சொன்னீங்களே, அப்போ முகாம்ல அந்த அக்கா என்னை எடுத்த படம் அது."