மேற்கே சூலம்

காலியான கூடத்தில் மிச்சமிருந்தது ஒரு நாற்காலி. அதில் அவர்.

மடியில் பஞ்சாங்கம்.

வீட்டை விற்றுப் பத்திரம் முடிந்து இரண்டு மாதம். ஒரே மாதத்தில் காலி செய்வதாகப் பேச்சு. போன வாரம் அஷ்டமி. அதற்கு முன் கரிநாள். அதற்கும் முன் அவருக்குச் சந்திராஷ்டமம். துணை இயக்குநராக ஓய்வு பெற்றவர். எந்தக் கோப்பையும் இருந்த இடத்தை விட்டு நகரவிடாமல் காத்த அனுபவம்.

மனைவியின் கைப்பையில் புது ஃபிளாட்டின் சாவி. இரண்டாவது மாடி. சமையலறை ஜன்னலில் ரயில் தெரியும். இங்கே முப்பத்தொரு வருடமாகத் தெரிந்தது பக்கத்து வீட்டுச் சுவர்.

சாமான் வண்டி விடியும்போதே போய்விட்டது. வாசலில் ஆட்டோ நிற்கிறது.

கேட்டருகே, வீட்டை வாங்கிய பரிமளாவும் அவள் கணவனும். கையில் பாலும் புதுப் பாத்திரமும். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பால் பொங்கியாக வேண்டும்.

மணி பத்து.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. மேற்கே சூலம். நாம போறதோ மேற்கே," என்றார். "இது மூடநம்பிக்கைன்னு நினைக்காதே. நம்ம முன்னோர்கள் அந்தக் காலத்துலயே பூமியோட காந்தப்புலத்தை ஆராய்ஞ்சு..."

மனைவி பஞ்சாங்கத்தை வாங்கினாள். சூலத்துக்கு அடுத்த கட்டத்திலேயே பரிகாரமும் அச்சாகியிருந்தது. அந்தக் கட்டம் மட்டும் இத்தனை வருடமாக அவர் கண்ணில் பட்டதில்லை.

வெல்லம்.

அவருக்குச் சர்க்கரை. பதினோரு வருடமாக இனிப்பை அவர் கைக்கு எட்டாமல் வைத்திருப்பவள் அவள்தான்.

பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள்.

"வாயத் திறங்க."

நெல்லிக்காய் அளவு.

முன்னோர்கள் அத்தோடு நின்றுபோனார்கள்.

அவர் கண்கள் மூடின. ஒரு பக்கக் கன்னம் உப்பியது.

எழுந்தார்.

நாற்காலியை ஆட்டோவில் திணித்து முடிப்பதற்குள் உள்ளேயிருந்து பரிமளாவின் குரல். "பொங்கிருச்சுங்க!"

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவர் திரும்பவில்லை. பார்வை அவள் மடியிலிருந்த பொட்டலத்தில்.

"இன்னொரு துண்டு?"

"அங்க போய். பால் பொங்கினதும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்தெட்டு.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். டிரைவரின் தோளைத் தட்டினார்.

"கொஞ்சம் வேகமா போப்பா."