பாலத்துக்கு அந்தப் பக்கம்

"அவன் வாயில இருக்கிற துணியை எடுக்காதீங்க. எடுத்தா பொய்தான் கொட்டும்" என்றார் அழகன்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தின் தலைவர் அவர். கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தூணில் ஒரு சிங்கள இளைஞனைக் கட்டிப் போட்டிருந்தார்கள். யாருக்கும் தெரியாத முகம். பொல்லுத்தடியும் கையுமாகத் தேயிலைக்குள் புகுந்து லயத்து வீடுகளை நோக்கி ஓடிவந்தவன். முதல் அடி அழகனுடையதுதான்.

"தலைவரே, போன் சேதியை நம்பக் கூடாது, விசாரிக்கணும்னு நீங்கதானே பேசி முடிச்சீங்க?" என்றாள் கூட்டத்தில் நின்ற காளியாயி.

"விசாரிக்க யாரை அனுப்ப? உன் புருசனையா?"

அந்தத் தோட்டத்தோடு சேர்த்து மூன்று தோட்டங்களும், பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமமும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. வெளியாட்கள் யார் அடிக்க வந்தாலும் நாலு ஊரும் ஒன்றாக நிற்பது. எங்கோ கலவரம் நடந்து, வதந்தி மலிந்த பிறகுதான் போன் விஷயத்தையும் அதில் சேர்த்தார்கள்.

அன்று மத்தியானம் கடை போனில் முகம் தெரியாத யாரோ சொன்னது, "கிராமத்து ஆளுங்க உங்களை அடிக்க வர்றாங்க." அத்தோடு லைன் செத்துப்போனது. கொஞ்ச நேரத்தில் பாலத்துப் பக்கம் ஒரே கூச்சல்.

"குணபால மாத்தயா, அந்தக் கிராமத்துப் பெரியவரு, நம்ம கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்ணின மனுசன். என் வீட்டுல சோறு தின்னவரு." என்றார் அழகன். "கூட இருந்தே கழுத்தறுத்துட்டாரே."

தூணில் இருந்தவன் முனகினான். அழகன் அவன் கன்னத்தில் மறுபடி அறைந்தார்.

"வர்றாங்க" என்று யாரோ கத்தினார்கள்.

அழகன் கம்பைப் பிடுங்கிக்கொண்டு பாதையில் இறங்கினார். பனிமூட்டத்துக்குள் குணபால, பின்னால் ஏழெட்டுப் பேர். குணபாலவின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது.

"எந்த முகத்தோட வந்தீங்க?" கம்பு உயர்ந்தது.

குணபாலவுக்கு மூச்சு வாங்கியது. "தலைவர், இனிப் பயம் இல்ல. லொறியில வந்தது நம்ம கிராமம் இல்ல, வெளி ஆள். பாலத்திலேயே மறிச்சு அடிச்சுத் திருப்பிட்டோம்."

அழகனின் கை தானாக இறங்கியது.

குணபாலவின் கண்கள் கூட்டத்துக்குள் யாரையோ தேடின. "போன் வேலை செய்றது இல்லதானே. அதுதான் உங்ககிட்ட சொல்ல, கொழும்பிலேருந்து லீவுல வந்த நம்ம சின்ன மகனை ஓடவிட்டேன். எங்க அவன்?"