கிணற்றடிச் சோறு

அன்றைக்குக் காலையில் அந்தப் பாழுங்கிணற்றடியில் இருந்தவர்கள்: இன்ஸ்பெக்டர் பூவனலிங்கம், ஏட்டு அழகிரிசாமி, வள்ளிமயில், அவள் தம்பி சோலைராஜ். வேட்டியால் மூடிக் கிடந்த மாடக்கண்ணுவையும் சேர்த்தால் ஐந்து பேர். அவனுடைய ஆடுகள் பருத்திக்குள் புகுந்துவிட்டன. தடுக்க ஆள் இல்லை.

வள்ளிமயிலின் மகன் தங்கப்பாண்டியைக் கொன்ற சந்தேகத்தில் பிடிபட்டு, ஜாமீனில் வந்தவன் மாடக்கண்ணு. இப்போது அவன் கழுத்தில் வெட்டு.

கிணற்றுக் கல்லின் மேல் ஒரு தூக்குச்சட்டி, கழுவி மூடிக் கவிழ்த்தபடி இருந்தது. மூடியில் தங்கப்பாண்டி என்று பெயர் வெட்டியிருந்தது.

"செத்துப்போன பையன் சட்டி இங்கே எப்படி வந்தது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு உள்ளூர்க்காரர். "தீப்பெட்டி ஆபீசு வேலைக்கு அவன் சோறு கொண்டு போன சட்டி சார். இப்ப இந்தம்மா இதுலதான் மாடக்கண்ணுக்குச் சோறு கொண்டு வருது. ஆடு எங்கன மேயுதோ அங்கன போயி, பக்கத்துக் கிணத்தடியில உக்கார வச்சுப் போடும். டீக்கடையில ஒரே சிரிப்பு."

"அவங்களுக்குச் சிரிப்பு," என்றான் சோலைராஜ். "நான் போயி நின்னா, 'ஒங்க அக்கா வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு? மாடக்கண்ணுகிட்டக் கேட்டாத்தான் தெரியும்போல'ங்காவ."

வள்ளிமயில் பிணத்தைப் பார்க்கவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, அவன் சாப்பிட்டானா?"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "ஏம்மா, ஒருத்தன் வெட்டுப்பட்டுக் கிடக்கான். நீ சாப்பிட்டானான்னு கேக்குற. சோத்துல என்ன கலந்தே?"

"உப்புதான்யா."

"மயக்க மருந்து கலந்து கொடுத்துட்டு, ஆளை வச்சு வெட்டினியா?"

"சட்டியைக் கொஞ்சம் தொறந்து காட்டச் சொல்லுங்கய்யா."

ஏட்டு துணியால் பிடித்துத் திறந்து காட்டினார். ஒரு பருக்கை இல்லை.

வள்ளிமயிலின் முகம் கொஞ்சம் தெளிந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"ஜீப்பில ஏத்துங்க."

"எங்க அக்காவ விடுங்க சார்," என்றான் சோலைராஜ். "நான்தான். அரிவாள் எங்க வீட்டு வைக்கப்படப்புல சொருகியிருக்கு."

"இந்தம்மா சொல்லியா செஞ்சே?"

"அவளுக்குத் தெரியாது. நேத்து மத்தியானம் சட்டியக் கொடுத்ததுமே, எம்புள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பிட்டேன். அவன் தின்னு முடிக்கிற மட்டும் பருத்திக்குள்ள இருந்தேன். சோத்துல கை வச்சிருக்கறவனை வெட்டக்கூடாதுல்லா."

"ஏன் வெட்டினே?"

"பெத்த புள்ளையக் கொன்னவனுக்கு, அந்தப் புள்ள சட்டியிலயே சோறு போடுதா சார். புத்தி பேதலிச்சுப் போச்சு. எம்மருமவனுக்கு நியாயம் கேக்க என்னைய விட்டா வேற யாரு இருக்கா?"

அவனை ஏட்டு ஒருதரம் மரியாதையோடு பார்த்தார்.

வள்ளிமயில் எழுந்தாள். குரல் உயரவில்லை.

"புத்தி பேதலிக்கலடா சோலை. ரெண்டு பேரும் முயல் பிடிக்கப் போனாவ. இவன் மட்டும் திரும்பி வந்தான். தங்கப்பாண்டி திருப்பூர் பஸ்சு ஏறிட்டான்னான். இல்ல, கிணத்துல போட்டுட்டான்னு ஊரு சொல்லிச்சு. தேடுறதுக்குள்ள மழை பேஞ்சு, கரிசல் மண்ணு சரிஞ்சு, காட்டுல இருக்கற பாழுங்கிணறு பூராவும் தூந்து போச்சு. எதைன்னு தோண்ட?"

வள்ளிமயில் சட்டியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"கொன்னவன், கொன்னு போட்ட எடத்துல உக்காந்து, பெத்தவ ஆக்கின சோத்தைத் திம்பானா? தொண்டையில எறங்காது. எந்தக் கிணத்தடியில சோத்தைத் தள்ளிட்டு எந்திரிக்கானோ அங்கன தோண்டச் சொல்லலாம்னு இருந்தேன். எல்லாத்துலயும் தின்னுட்டான்னா, எம்புள்ள நெசமாவே பஸ்சு ஏறிட்டான். எங்கனயோ இருக்கான். ஒரு நாளு வருவான்."

ஜீப் கதவைத் திறந்த இன்ஸ்பெக்டர் அதைத் திரும்பவும் மூடினார்.

"நேத்து அவன் எப்படிலே சாப்பிட்டான்?" என்று தம்பியைக் கேட்டாள் வள்ளிமயில்.

சோலைராஜ் தரையைப் பார்த்தான்.

"சொல்லுலே."

"வழிச்சுத்தான் தின்னான். சட்டியக் கழுவிக் கவுத்திட்டு, கிணத்தைப் பாத்தாப்புல துண்டை விரிச்சுப் படுத்தான். ஒடனே தூங்கிட்டான். தூக்கத்துலதான்..."

"அப்ப இதுவும் இல்ல."

வள்ளிமயில் காட்டைப் பார்த்தாள். தூரத்தில் அங்கங்கே கருவேலமரம் கூட்டமாகத் தெரிந்தது. கூட்டமாகத் தெரிந்த இடத்திலெல்லாம் ஒரு கிணறு.

"இருபத்திமூணுல இதோட பத்தொம்பது ஆச்சு," என்றாள். "இன்னும் நாலு கிணறுதாம்லே பாக்கி."