முதுகில் ஓர் இஸ்திரிப்பெட்டி

முப்பது வருடமாக இஸ்திரி போடுகிறேன், ஒரு கைக்குட்டையைக்கூடக் கருக்கியதில்லை. இதைத் துணி கொடுக்க வந்த வாடிக்கையாளர் ஒருவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே மகளின் வெள்ளைக் கோட்டின் முதுகில் பெட்டியை மறந்து வைத்துவிட்டேன். முழுப் பெட்டியும் பழுப்பாகப் பதிந்துவிட்டது. வேறு கோட்டு வாங்க நேரமில்லை. கூடைப்பந்து லீக்கின் அணிகள் புதிய ஆட்டக்காரிகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்கும் நாள் அன்று. பெயர் வராவிட்டால் இனி அடுத்த வருடம்தான். ஆறடி உயர சுடர்விழி அதையே போட்டுக்கொண்டு அரங்கில் உட்கார்ந்திருந்தாள்.

"கறை தெரியுதா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"உங்க முழிதான் தெரியுது. சும்மா உக்காருங்க."

மகளைக் கேட்டேன், சிரித்தாள். பதினோரு பெயர்கள் போய்விட்டன. மிச்சம் ஒரே இடம்.

"சுடர்விழி!"

மேடையேறி அணியின் தொப்பியை மாட்டிக்கொண்டவள், கேமராக்களுக்கு முதுகைக் காட்டி நிதானமாக நின்றாள். அரங்கமே பார்த்தது. நான் நாற்காலிக்குள் புதைந்தேன்.

இறங்கி வந்தவளிடம் மெல்லக் கேட்டேன். "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமா, பாப்பா?"

"நல்லாத் தெரிஞ்சிருக்கும்ப்பா. அதுக்குத்தானே திரும்பி நின்னேன்."